சொல்பாறையில் ஒட்டிய இலை

ஓங்கிய மரங்கள் நிறைந்த ஒரு காட்டின் நடுவே பெரிய பாறை ஒன்று இருந்தது. யானைக் கூட்டமே ஏறிப் படுக்கலாம், அவ்வளவு பெரியது. விலங்குகள் அதைச் சொல்பாறை என்று அழைத்தன.

தனக்குத் தெரிந்ததை யார் வேண்டுமானாலும் அதில் கீறி வைக்கலாம். எந்த மரத்தில் எப்போது பழம் பழுக்கும், எந்தப் புதரில் குளவி கூடு கட்டியிருக்கிறது, எந்த ஓடையில் தண்ணீர் நிற்கிறது, எல்லாம் அந்தப் பாறையில் இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். குட்டிகள் எழுத்துப் படிப்பதும் அங்கேதான். காட்டில் இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்தால், "பாறையில் இருக்கா?" என்று மூன்றாவது ஆள் கேட்பார். அத்தோடு வாக்குவாதம் முடிந்துவிடும்.

ஆனால் எழுதியதெல்லாம் பாறையில் நிற்காது. எது நிற்க வேண்டும், எது நிற்கக் கூடாது என்று பார்ப்பதற்கு ஒரு முள்ளம்பன்றி இருந்தார். அவர் கெட்டவர் அல்ல. விதி என்றால் விதி என்பவர். அவ்வளவுதான்.

"சம்பந்தம் இல்லாத இரண்டு பேர் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் அது பதிவு! சொந்தக்காரர் சொல்வது செல்லாது. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதும் செல்லாது!" இதை அவர் தினமும் சொல்வார்.

ஒரு பதிவின் மேல் சந்தேகம் வந்தால், அவர் அதன் தலைமேல் ஈரக் களிமண்ணை வைத்து ஒரு தேக்கிலையை ஒட்டிவிடுவார். களிமண் காய்ந்து இலை விழும் வரை யாரும் வந்து பேசலாம். இலை விழுந்ததா, பேச்சு முடிந்தது. ஆதரவு இல்லாத பதிவைக் கரடி வந்து காய்ந்த மணலால் தேய்ப்பார். கீறல்களில் மணல் போய் அடைந்துகொள்ளும். எழுத்து இருந்த இடமே தெரியாது.

அந்தக் கோடையில் ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றி, கடைசியாக இருந்ததும் சில நாள் முன்பு வற்றிவிட்டது. கிழக்குச் சரிவில் இருந்த கருஞ்சுனையில் மட்டும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதைப் பற்றியும் பாறையில் ஒரு பதிவு இருந்தது.

'கருஞ்சுனை. தண்ணீர் இனிக்கும். நிழல் உண்டு. குட்டிகளுக்கு ஏற்ற இடம். சொன்னவர்கள்: மலைமைனா, கரிச்சான்.'

மைனாவும் கரிச்சானும் வேறு வேறு பறவைகள். சொந்தமில்லை, நட்புமில்லை. ஆகவே அந்தப் பதிவின் மேல் யாரும் இலை ஒட்டியதே இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பால்குடி மறந்த குட்டிகள் எல்லாம் சேர்ந்து, பெரியவர்கள் துணையில்லாமல், முதல் தண்ணீர் குடிக்கப் போகும். எங்கே போவது என்று பாறை சொல்லும். அந்த வருஷம் பாறை சொன்ன இடம் கருஞ்சுனை. போக வேண்டிய நாளும் வந்துவிட்டது. வெயில் உச்சிக்கு வந்ததும் குட்டிகள் கிளம்ப வேண்டும்.

அன்று காலையில் ஒரு சருகுமான் பாறைக்கு வந்தது. முயலை விடக் கொஞ்சம் பெரிய உருவம். கொம்பு கிடையாது. இலை விழுந்தாலும் நடுங்கும். ரொம்பவும் பயந்துவிட்டால் பின்னங்காலால் தரையில் தட்டும். டக்! டக்! டக்! அந்தச் சத்தம் கேட்டால் சருகுமான் குட்டி எங்கே இருந்தாலும் கல்லாக நின்றுவிடும். பிறந்த அன்றே அதற்கு அது தெரியும். யாரும் சொல்லித் தருவதில்லை.

சருகுமானுக்கு இரண்டு குட்டிகள். மூத்தவள் நெல்லி. இளையவன் பொட்டு. போன கோடையில் முதல் தண்ணீருக்குப் போன நெல்லி, வழியில் பிரிந்து கருஞ்சுனைப் பக்கம் போனாள். திரும்பி வரவில்லை. இந்த முறை பொட்டு போக வேண்டும்.

சருகுமான் தன் சின்னக் குளம்பால் பாறையில் கீறியது.

'கருஞ்சுனைக்குக் குட்டிகளை அனுப்பாதீர்கள். அங்கே ஏதோ இருக்கிறது.'

முள்ளம்பன்றி வந்து படித்தார். முட்கள் சிலிர்த்துக்கொண்டன. களிமண்ணை அப்பினார், இலையை ஒட்டினார்.

"குறிப்பிடத்தக்கது அல்ல!" என்றார்.

"ஐயா! என் நெல்லி அங்கதான் போனா!"

"உன் நெல்லியைப் பத்தி நீ சொல்றே. சொந்தக்காரர் சொல்லு எடுபடாது, மானம்மா. சரி, அந்த 'ஏதோ'வுக்குப் பேர் என்ன?"

"பேர் தெரியாது ஐயா."

"யாராவது பார்த்தாங்களா?"

"பார்த்தவங்க திரும்பி வரலியே!"

"பேர் இல்லை, பார்த்தவர் இல்லை. இதை நான் எந்தத் தலைப்பில் வைக்கிறது?"

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. மயில் தோகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது. மயிலைப் பற்றிப் பாறையில் பதிவுகள் ஏராளம். அதன் ஆட்டத்துக்கு ஒரு பதிவு. அகவலுக்கு ஒரு பதிவு. போன வருஷம் உதிர்ந்த ஓர் இறகுக்குக்கூடத் தனியாக ஒரு பதிவு. எல்லாவற்றுக்கும் சாட்சிகள் உண்டு. மயில் ஆடினால் காடே பேசுமே!

"என்ன மான்தங்கச்சி, சுனையில பேய் இருக்கா?" என்றது மயில். "எப்படி இருக்கும்? கொம்பு இருக்கா, வாலு இருக்கா?"

கூட்டம் சிரித்தது.

சருகுமான் தலையைக் குனிந்துகொண்டது. பிறகு மெல்லச் சொன்னது.

"நெல்லி போனதுக்கு அப்புறம் நான் தினமும் சுனைக்கரையில போய் அவளைக் கூப்பிட்டேன். கொஞ்ச நாள் ஒண்ணும் கேக்கலை. அப்புறம் ஒரு நாள் அவ குரல் கேட்டுச்சு. 'அம்மா'ன்னு. தண்ணிக்குள்ள இருந்து கேட்டுச்சு. குரல் அவளோடதுதான். ஆனா அங்கே அவ இல்லை."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் இரக்கத்தோடு பார்த்தார்கள். சிரிப்பை விட அந்த இரக்கம்தான் சருகுமானுக்கு வலித்தது.

"பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் காத்துல கூடப் பிள்ளை குரல் கேக்கும், பாவம்," என்றார் கரடி.

"பாவம்தான். ஆனால் பாவம் பார்த்துப் பதிவு போட முடியாது," என்றார் முள்ளம்பன்றி. "இலை விழட்டும். பார்ப்போம்."

கொஞ்ச தூரத்தில் ஒரு நாவல் மரத்தின் நிழலில் குட்டிகள் காத்திருந்தன. முள்ளம்பன்றியின் மகன் ஊசியும் அதில் இருந்தான். சருகுமான் அங்கே ஓடியது.

"பொட்டு, நீ போகாதடா. அம்மா சொல்றேன்."

"பாறையில எழுதியிருக்கேம்மா!" என்றான் பொட்டு. "குட்டிகளுக்கு ஏற்ற இடம்னு எழுதியிருக்கே! நான்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

"பாறையில இருக்கிறது தப்புடா கண்ணு."

பொட்டு அம்மாவை ஒரு மாதிரி பார்த்தான். பாறையில் தப்பு இருக்கும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. "எனக்குத் தண்ணி தவிக்குதும்மா," என்று மட்டும் சொன்னான்.

அவன் நாக்கு வெளுத்திருந்தது. வேறு எங்கே தண்ணீர் இருக்கிறது என்று காட்ட அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு மலை தாண்டினால் ஓர் ஊற்று இருக்கிறது என்பார்கள். வழி தூரம். எல்லோரும் சேர்ந்து போனால் போகலாம். ஒரு சருகுமான் தனியாக ஒரு குட்டியைக் கூட்டிக்கொண்டு போனால் பாதி வழியில் சிறுத்தை பிடித்துக்கொள்ளும்.

எல்லோரும் நம்பினால்தான் எல்லோரும் வருவார்கள். பாறையில் நின்றால்தான் எல்லோரும் நம்புவார்கள்.

அவள் பாறைக்கே திரும்பினாள்.

வெயில் ஏறிவிட்டது. களிமண்ணின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. தேக்கிலையின் ஒரு நுனி சுருண்டு மேலே எழும்பியது.

சருகுமான் பாறையின் மேல் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு களிமண்ணை நக்க ஆரம்பித்தது.

"ஏய்! என்ன பண்றே?" என்று கத்தினார் முள்ளம்பன்றி.

"காய விடாம பார்த்துக்கிறேன் ஐயா."

"அதெல்லாம் கூடாது!"

"நக்கக் கூடாதுன்னு விதி இருக்கா ஐயா?"

முள்ளம்பன்றி யோசித்தார். விதியை முதலிலிருந்து கடைசி வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அப்படி ஒன்று இல்லை. "இல்லை," என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சருகுமான் நக்கியது. வறண்ட நாக்குதான். ஆனாலும் விடவில்லை. பிறந்த குட்டியை நக்கித் துடைப்பது போல மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக நக்கிக்கொண்டே இருந்தது. களிமண்ணை நக்கியபோது அதைச் சுற்றியிருந்த பாறையிலும் நாக்கு பட்டது. கீறலில் அடைந்திருந்த மணல் ஈரத்தில் கரைந்து வந்தது.

"மானம்மா," என்றார் கரடி, ஒரு மாதிரியான குரலில். "அங்கே பாருங்க."

நாக்கு பட்ட இடத்தில் எழுத்து தெரிந்தது. நகத்தால் கீறிய எழுத்து.

'என் பஞ்சு கருஞ்சுனைக்குப் போனான். வரவில்லை.'

கூட்டத்தில் இருந்த முயல் எழுந்து நின்றுவிட்டது. "அது நான் எழுதினது," என்றது. "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எழுதினேன். சொந்த விஷயம்னு அழிச்சிட்டாங்க. நான் மட்டும்தான் எழுதினேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

சருகுமான் இன்னும் கொஞ்சம் தள்ளி நக்கியது. இன்னொரு எழுத்து எழும்பி வந்தது. கீரியின் நகம்.

'சுனைப் பக்கம் போன என் பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. யாராவது பார்த்தீர்களா?'

அதற்குக் கீழே மந்தியின் விரல். அதற்கும் கீழே காட்டுப்பூனையின் கீறல். நனைந்த பாறை அப்படியே கருத்து நின்றது. அதன் தோலுக்கு அடியிலிருந்து தாய்மார்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றேதான். போனான். போனாள். வரவில்லை. வரவில்லை. வரவில்லை.

கரடி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இத்தனையையும் தேய்த்தது அந்தக் கைதான். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாளில் தேய்த்தார். அதனால் எதுவும் அவருக்கு நினைவில் இல்லை.

"முள்ளையா," என்றார் அவர். "இவங்க யாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லையே! சம்பந்தமில்லாத ரெண்டு பேர் போதும்னு சொல்வீங்க. இங்கே எத்தனை பேர்!"

முள்ளம்பன்றி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஆனால் பழக்கம் விடவில்லை.

"அழிச்ச பதிவைச் சாட்சியா எடுக்க முடியாது. அதோட, சுனை நல்லதுன்னு ரெண்டு நல்ல சாட்சி இருக்கு. மைனாவும் கரிச்சானும் பொய் சொல்றாங்களா?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்!" என்றது மைனா கிளையிலிருந்து.

"நானும்தான்!" என்றது கரிச்சான் அடுத்த மரத்திலிருந்து.

சருகுமான் நிமிர்ந்தது. நாக்கில் ரத்தம் கசிந்திருந்தது.

"பொய்யின்னு சொல்லலை தம்பி. நீ சுனையில யாரைப் பார்த்தே?"

"யாரையும் பார்க்கலை. நாணலுக்குள்ள இருந்து ஒரு குட்டி பேசுச்சு. தண்ணி நல்லா இருக்குன்னு சொல்லுச்சு. அதைத்தான் இங்கே வந்து சொன்னேன்."

"கரிச்சான் தம்பி, நீ?"

"நானும் யாரையும் பார்க்கலை. எனக்கும் ஒரு குட்டிதான் சொல்லுச்சு. ஆனா அது வேற குட்டி, வேற குரல்."

"நீங்க ரெண்டு பேரும் கேட்ட குரலை அப்படியே பேசிக் காட்டுவீங்க இல்லையா?"

"அதுல எங்களை மிஞ்ச ஆள் உண்டா!" மைனா கழுத்தை நிமிர்த்திக்கொண்டது.

"அப்போ விஷயத்தைச் சொல்ல வேண்டாம். கேட்டபடி சொல்லு. ஒரு எழுத்து கூட்டாம, குறைக்காம."

மைனா தொண்டையைச் சரிசெய்துகொண்டது. அலகைத் திறந்தது.

"அம்மா... தண்ணி இனிக்குதும்மா. வாங்கம்மா."

நெல்லியின் குரல்.

'ம்மா' என்று இழுக்கும்போது குரல் கொஞ்சம் உடையும். நெல்லிக்கு மட்டும்தான் அப்படி உடையும். நாவல் மரத்தடியில் அவளோடு விளையாடிய குட்டிகளுக்கும் அது தெரியும். சருகுமான் ஓர் அடிகூட அசையவில்லை. அதன் காது மட்டும் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"சொல்லு, கரிச்சான்," என்றது முயல்.

"வேணாம் அக்கா."

"சொல்லு!"

கரிச்சான் கண்ணை மூடிக்கொண்டது.

"அம்மா, தண்ணி இனிக்குது. நான் இங்கதான் இருக்கேன். வாங்க."

முயல் அப்படியே தரையில் சாய்ந்தது. "பஞ்சு!" என்றது. "அய்யோ, என் பஞ்சு!"

 

முள்ளம்பன்றி மிகவும் மெதுவாகப் பேசினார். "பஞ்சு போனது முந்தின வருஷம். நெல்லி போனது போன வருஷம். கரிச்சான், நீ எப்போ கேட்டே?"

"இந்த மாசி மாசம் ஐயா."

"நீ, மைனா?"

"போன வாரம் கூடக் கேட்டேன் ஐயா."

"அப்படின்னா குரல் ரெண்டு. வாய் ஒண்ணு." முள்ளம்பன்றியின் முட்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுத்தன. "சுனை நல்லதுன்னு சுனையே சொல்லியிருக்கு. தன்னைப் பத்தித் தானே! அதை நான் பதிவா போட்டு வெச்சிருக்கேன்!"

"பொட்டு!" என்று திரும்பினாள் சருகுமான்.

நாவல் மரத்தடி காலியாக இருந்தது.

இலை இன்னும் விழவில்லையே என்று பொட்டு தயங்கியிருக்கிறான். அதற்கு ஊசி சொன்னானாம்: "இலை உங்கம்மா பதிவு மேல தாண்டா இருக்கு! சுனைப் பதிவு மேல இல்லையே! எங்கப்பா எழுதினது தப்பா போகாது. வாங்கடா!" எல்லாம் போய்விட்டன. பறக்க முடியாத ஒரு காடைக்குஞ்சு மட்டும் பின்தங்கி நின்றது. அது சொல்லித்தான் தெரிந்தது.

எல்லோரும் ஓடினார்கள். சருகுமான் முன்னால் ஓடியது. அதன் பின்னால் கரடி. முள்ளம்பன்றிக்கு ஓடிப் பழக்கமில்லை. ஆனாலும் ஓடினார். முட்கள் உதிர்ந்தபடி ஓடினார்.

உச்சி வெயிலில் கருஞ்சுனை அசையாமல் கிடந்தது. சுற்றிலும் பச்சை நாணல். ஆனால் தவளை ஒன்றுகூட இல்லை. தும்பிகள் பறந்து வந்து, தண்ணீருக்கு மேலே வராமல் கரையோடு சுற்றிக்கொண்டு போயின. காற்றில் மேலே மரக்கிளை ஆடியது. தண்ணீரில் தெரிந்த கிளை ஆடவில்லை.

குட்டிகள் கரையில் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் முன்னங்கால்களும் தண்ணீரில் இருந்தன. எதுவும் குடிக்கவில்லை. எல்லாம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. பொட்டு மட்டும் வயிறு நனைய உள்ளே போயிருந்தான்.

"பொட்டு! வாடா!" என்று கத்தினாள் சருகுமான்.

"பொட்டு, வாடா," என்றது தண்ணீர்.

அதே குரல். அவளுடைய குரல்! அவள் தினமும் கரையில் நின்று நெல்லியைக் கூப்பிட்டாளே, அப்போது அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பொட்டு இங்கே ஒரு பார்வை, அங்கே ஒரு பார்வை பார்த்தான்.

"அங்கே போகாதடா! அம்மா இங்கே இருக்கேன்!"

"அம்மா இங்கே இருக்கேன்," என்றது தண்ணீர். அந்தக் குரலில் பயமே இல்லை. அதனால் அது இன்னும் இதமாக இருந்தது. பொட்டு தண்ணீர்ப் பக்கமே இன்னொரு அடி வைத்தான்.

சருகுமான் அதற்கு மேல் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூப்பிட அது கற்றுக்கொள்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கித் தட்டினாள்.

டக்! டக்! டக்!

பொட்டு கல்லாக நின்றான்.

தண்ணீருக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அதற்குக் குரல் இருந்தது. தட்டுவதற்குக் கால் இல்லை.

அந்த ஒரு கணம் போதும். கரடி பாய்ந்து, நீண்ட கையை நீட்டி, பொட்டுவின் பிடரியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டார். அவன் நின்றிருந்த இடத்தில் தண்ணீர் ஒரு வாய் மூடுவது போல மூடிக்கொண்டது. அலைகூட எழவில்லை.

மற்றக் குட்டிகள் தூக்கம் கலைந்தது போல விழித்துக்கொண்டு பெரியவர்களிடம் ஓடின. ஊசி மூச்சு வாங்க வந்த தன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். முள்ளம்பன்றி குனிந்து அவன் தலையைத் தடவினார்.

"அப்பா, தண்ணி இனிக்குதுப்பா. வாங்கப்பா," என்றது ஊசியின் குரல்.

முள்ளம்பன்றி மகனைப் பார்த்தார். மகன் வாய் மூடியிருந்தது.

"நான் பேசலைப்பா," என்றான் ஊசி அழுதுகொண்டே. "வந்ததும் 'இங்கே யாராவது இருக்கீங்களா'ன்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்."

யாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். பின்னால் தண்ணீர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. முயலை மட்டும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அன்றே காடு முழுவதும் சேர்ந்து இரண்டு மலை தாண்டிய ஊற்றுக்குக் கிளம்பியது. குட்டிகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் சுற்றி நடந்தார்கள். சிறுத்தை ஒரு பாறை மேலிருந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. ஊற்றுத் தண்ணீர் இனிக்கவில்லை. லேசாகத் துவர்த்தது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன.

திரும்பி வந்ததும் முள்ளம்பன்றி முதல் வேலையாகக் கருஞ்சுனைப் பதிவின் மேல் தானே இலை ஒட்டினார். இலை விழும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் ஆதரித்துப் பேசவில்லை. மயில்கூட வாயைத் திறக்கவில்லை. இலை விழுந்தது. கரடி தேய்த்தார்.

"மானம்மா, இப்போ உன் பதிவை நிறுத்தணும்," என்றார் முள்ளம்பன்றி. "ஆனா தலைப்புதான் புரியலை. அதுக்கு இப்பவும் பேர் இல்லையே!"

"அதுக்கு எதுக்கு ஐயா பேர்?" என்றாள் சருகுமான். "பேர் இருந்தவங்க பேரை எழுதுங்க."

அப்படியே எழுதினார்கள். நெல்லி. பஞ்சு. கீரியின் பிள்ளைகள். மந்தியின் மகள். காட்டுப்பூனையின் குட்டி. பெயர்கள் நீண்டுகொண்டே போயின. மயில் தன் உதிர்ந்த இறகின் பதிவைத் தானே அழித்து இடம் கொடுத்தது. எல்லாப் பெயர்களுக்கும் கீழே முள்ளம்பன்றி தன் நீளமான முள்ளால் ஆழமாகக் கீறினார்: 'இவர்கள் கருஞ்சுனைக்குப் போனவர்கள். அங்கே கேட்கும் குரல் இவர்களுடையது அல்ல.'

அந்தக் காட்டில் இப்போதும் இலை ஒட்டுகிறார்கள். இப்போதும் இரண்டு சாட்சி கேட்கிறார்கள். ஆனால் ஒரு பதிவை அழிக்கும் முன், அதைச் சுற்றியுள்ள பாறையை யாராவது ஒருமுறை நக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முள்ளம்பன்றியே நக்குகிறார். மணல் பல்லில் கடிபடுகிறது என்று முனகிக்கொண்டே நக்குகிறார்.

உச்சி வெயிலில் காற்று கிழக்கிலிருந்து வீசினால், 'அம்மா, தண்ணி இனிக்குதும்மா' என்று இப்போதும் கேட்கும். சருகுமான் வேலையை நிறுத்திவிட்டு, காதைத் திருப்பி, கடைசி வரை அதைக் கேட்கும். பிறகு பின்னங்காலால் தரையில் தட்டும். எங்கோ புல்லுக்குள் விளையாடிக்கொண்டிருக்கும் பொட்டு கல்லாக நிற்பான்.

ஆகவே குழந்தைகளே, பெரியவர்களே, ஒருத்தி சொல்வதைக் குறிப்பிடத்தக்கது அல்ல என்று அழிக்கும் முன், அதே சொல்லை இதற்கு முன் எத்தனை பேர் சொல்ல வந்து அழிக்கப்பட்டார்கள் என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.